ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் போன பின்பால் மேசை

1

வால்டர் அதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? ஒரு வருடம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

என் கணவர் ஸ்டீபனிடம் கேட்டால், "எப்படிச் செஞ்சா என்ன ஜெனி? நல்லதுதான செஞ்சிருக்காரு. நீ ஏன் அதையே கிண்டிக்கிட்டு இருக்க?" என்கிறார். வள்ளியூர்க்காரருக்கு அந்த அளவில் மனம் ஆறிவிடும். எனக்கு ஆறாது. காஸ் சிலிண்டரை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் காரைத் திருப்புகிறவள் நான். இந்த ஊர் வீட்டில் சிலிண்டரே கிடையாது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

நாங்கள் அமெரிக்காவில், சிகாகோவுக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாதம் இங்குள்ள எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின், கடவுளுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை வைக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை மறுபடி வருகிறது. அதற்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஊரில் இந்தப் பண்டிகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

2

பின்பால் மேசையை ஊரில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கட்டிலைவிடச் சற்று நீளம் குறைந்த, நான்கு கால்கள் உள்ள சரிவான மேசை. மேலே கண்ணாடி. உள்ளே ஓர் இரும்புக் குண்டு ஓடும். அது அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்துவிடாமல், பக்கத்துப் பொத்தான்களை அழுத்தி, இரண்டு சிறிய துடுப்புகளால் அடித்து மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குண்டு மோதும் இடமெல்லாம் விளக்கு எரியும், மணி அடிக்கும். விளையாட்டு அவ்வளவுதான்.

எங்களிடம் இருப்பது ஆழ்கடல் படம் போட்டது. நடுவில் ஓர் ஆக்டோபஸ் உட்கார்ந்திருக்கும். குண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மிரட்டிவிட்டு விடும். என் மகள் மெர்சி அதற்கு எட்டுக்கை மாமா என்று பெயர் வைத்திருக்கிறாள். ஸ்டீபனோடு வேலை பார்த்த ஒருவர் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போனபோது, கொண்டுபோக வழியில்லாமல், ஒரு சோபா வாங்கும் விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முன்பக்கத்தில் ஒரு பித்தளைத் தகட்டில் எண் பொறித்திருந்தது. "கரண்டு மீட்டர் நம்பர் மாதிரி ஏதோ போல" என்று ஸ்டீபன் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மெர்சிக்கு அப்போது பள்ளியில் வாயே திறக்காது. ஆசிரியை இரண்டு முறை என்னை அழைத்துப் பேசினார். வீட்டில் தமிழ் பேசுவதால் பிள்ளை குழம்புகிறாளோ என்று அவர் கேட்டார். அன்று முதல் தமிழைக் குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா என்று நான் குழம்பினேன். பிறகு சனிக்கிழமைகளில் வகுப்புப் பிள்ளைகள் மேசைக்காக எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முறை போட்டு விளையாட வேண்டும், சண்டை தீர்க்க வேண்டும், மாமாவிடமிருந்து குண்டை எப்படிப் பிடுங்குவது என்று சொல்லித்தர வேண்டும். மெர்சி பேசினாள். இன்று அவள் பேச்சை நிறுத்தத்தான் ஆள் தேவை.

ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். குண்டு பள்ளத்தில் விழும்போது மட்டும் "அய்யோ, போச்சே!" என்று அவளுடைய அப்பா குரலில் அலறுவாள். பாளையங்கோட்டையிலிருந்து அப்பா வீடியோவில் வரும்போதெல்லாம் அந்த மேசையைப் பற்றித்தான் விசாரிப்பார். அவரிடம் அவள் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசிப் பார்ப்பாள்.

"ஏட்டி மெர்சி, பந்து இப்ப எங்கன கிடக்கு?"

"மாமா சாப்ட்டாங்க, தாத்தா."

"சாப்ட்டுட்டாரா? கெட்டிக்காரருதான். சும்மா விடாத, வயித்துல ரெண்டு குத்து குத்து."

மாமாவுக்கு மரியாதை கொடுத்து அவள் சொன்னதில் அப்பாவுக்கு அன்று முழுதும் சந்தோஷம்.

3

துடுப்பில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் அறுந்துபோன அன்றுதான் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. வளையம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, பின்பால் சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் ஸ்டீபன் மேசையின் படத்தைப் போட்டார். வளையத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தகட்டின் எண்ணைக் கேட்டார்கள். விற்பீர்களா என்று கேட்டார்கள். ஒருவர் சொன்ன விலைக்கு மேல் இன்னொருவர் சொன்னார். சாயங்காலத்துக்குள் அந்த விலை எங்கள் காரைத் தாண்டிவிட்டது.

அது லிமிடெட் எடிஷனாம். கம்பெனி சில நூறு மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, இனிமேல் செய்வதில்லை என்று நிறுத்திக்கொண்டது. கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் இவற்றின் விலை ஏறத் தொடங்கி, பிறகு இறங்க மறந்துவிட்டது. இப்போது புதிதாக ஒரு லிமிடெட் எடிஷன் வருகிறது என்று அறிவித்தால் தேநீர் ஆறுவதற்குள் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பெட்டியைப் பிரிப்பதே இல்லை. பிரிக்காத பெட்டிக்குத்தான் விலை அதிகம். அப்படியே அடுத்தவருக்கு விற்கிறார்கள், அவர் அடுத்தவருக்கு.

"நம்ம வள்ளியூர் பைபாஸ் பக்கம் பிளாட்டு விக்க மாதிரில்லா இருக்கு," என்றார் ஸ்டீபன். "எடத்தைக் கண்ணால பாக்காமலே நாலு கை மாறிரும்."

குழுவிலிருந்து விலை பேசாமல் வந்தவர் வால்டர் ஒருவர்தான். லிஃப்ட் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல உயரம், தனியாக இருக்கிறார். சட்டைப் பையில் ரப்பர் வளையங்களைப் போட்டுக்கொண்டு வந்து, மாட்டிக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் போனார். போகும்முன் அந்தத் தகட்டின் முன் குந்தி, கைக்குட்டையால் அதைத் துடைத்தார். "எத்தனையோ வருடமாக இதைத் தேடுகிறேன். விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்," என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

ஒருநாள் தன் வீட்டுக்கு அழைத்தார். நிலவறை முழுவதும் மேசைகள். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. எங்களுடையதற்கு வைத்திருக்கும் இடம் என்று சிரித்தார். மூலையில் ஒரு பெட்டி பிரிக்கப்படாமல் நின்றது. அதுவும் லிமிடெட் எடிஷன். ஒருமுறைகூட விளையாடாமல் எப்படி வைத்திருக்க முடிகிறது என்று திரும்பி வரும்போது நான் ஸ்டீபனிடம் கேட்டேன். "நம்ம பத்தமடைப் பாய் மாதிரிதான்," என்றார். கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்து கொடுத்த பட்டுப் பாயை இன்றுவரை நாங்கள் விரித்ததில்லை. அலமாரியில் உறைக்குள் நிற்கிறது.

விற்றுவிடலாமா என்ற பேச்சு வராமல் இல்லை. எங்கள் கிரீன் கார்டு வரிசை அசையவே இல்லை. விசா நீட்டிப்புக்கு ஒவ்வொரு முறையும் எழுதிப் போட்டுவிட்டுத் தபால்பெட்டியைப் பார்த்தபடி இருக்கிறோம். "ஒரு நாள் கிளம்புன்னு சொன்னாம்னா இத எங்கன தூக்கிட்டுப் போவ? நம்ம ஊரு கரண்டுக்கு இது ஓடவும் செய்யாது," என்பார் ஸ்டீபன். பிறகு சனிக்கிழமை வரும். மேசை இருக்கும் எங்கள் வீட்டு நிலவறையிலிருந்து பிள்ளைகளின் சத்தம் வரும். பேச்சு நின்றுவிடும்.

4

போன வருடம் மெர்சிக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. வயிற்றுவலி என்று சொன்னவளுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தவள் நான். அதை இன்னும் நினைக்கிறேன். மருத்துவமனையில் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள். பிள்ளையால் பேச முடியவில்லை. நான் எட்டு என்றேன். நர்ஸ் எழுதிக்கொண்டு நகர்ந்ததும், எட்டு என்றால் குறைவாகப் பார்ப்பார்களோ என்று பின்னாலேயே ஓடி ஒன்பது என்றேன். அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, "எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒரே டாக்டர்தான்," என்றார். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. தினமும் ஜெபத்தில் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது ஸ்டீபன் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒரு பொருத்தனை பண்ணிட்டேன்."

"என்ன பொருத்தனை அத்தான்?"

"பிள்ள நல்லபடியா வீட்டுக்கு வந்தா, நம்ம வீட்டுல இருக்கதுலயே விலை கூடுன பொருளை ஸ்தோத்திரப் பண்டிகையில காணிக்கையா வைக்கேன்னு."

மெர்சி நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். பத்து நாளில் எட்டுக்கை மாமாவோடு சண்டைக்கும் நின்றாள். அதன் பிறகு விலை கூடிய பொருள் எது என்று பார்த்தோம். கார் வங்கியுடையது. என் நகைகள் பாளையங்கோட்டையில் லாக்கரில் இருக்கின்றன. "சோபா?" என்றேன். "அதை எவன் கேப்பான்?" என்றார். இரண்டு பேரும் நிலவறைப் படியைப் பார்த்தோம். விலை ஏறாமல் இருந்திருந்தால் அந்த மேசை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மேசை கைவிட்டுப் போய்விடும் என்று நாங்கள் பயப்படவில்லை. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் காணிக்கையாக வந்த பொருள்களை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பூசணிக்காயும் கோழியும் வாழைத்தாரும் கடை விலையைப் போல் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளைத் திரும்ப வைத்து "மறு ஏலம்" என்பார். அப்படி ஒரே பூசணிக்காய் மூன்று முறைகூட விலை போகும். ஒரு குடும்பம் தனக்கு மிகவும் வேண்டிய பொருளைப் பொருத்தனையாக வைத்தால், அந்தக் குடும்பமே ஒரு கௌரவமான விலை சொல்லி எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வேறு யாரும் கேட்க மாட்டார்கள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அப்பா தன் புது ஸ்கூட்டரை அப்படித்தான் வைத்து எடுத்தார். கோயில் முற்றமே வாயை மூடிக்கொண்டு நின்றது. விதி என்று எங்கும் எழுதியிருக்காது. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் தெரியும் என்றுதான் இங்கேயும் நினைத்தோம்.

5

பண்டிகைக்கு வேறொரு சபையின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். உயிருள்ள கோழி கூடாது, தரையில் எதையும் இழுக்கக் கூடாது, காப்பீடு எடுக்க வேண்டும் என்று நிபந்தனைகள். மேசையைத் தரையில் இழுக்காமல் எப்படிக் கொண்டுபோவது? வால்டரிடம் வண்டியும் தள்ளுவண்டியும் உண்டு. கேட்டதும் வந்தார். கால்களைக் கழற்றி, தலைப்பகுதியை மடித்து, கம்பளியில் பொதிந்து, பிள்ளையைத் தூக்குவது போல் பைய ஏற்றினார்.

வழியில் அவரிடம் விஷயத்தைச் சொல்ல முயன்றேன். மகள் பிழைத்ததற்கு நன்றியாக இதைச் சபைக்குக் கொடுக்கிறோம், ஏலம் விடுவார்கள் என்றேன். அவர் முகம் மாறியது. "நிஜமாகவா?" என்றார். நாங்களே எடுத்துக்கொள்வோம் என்பதைச் சொல்ல வாய் எடுத்தேன். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தைக் கட்டிப் பார்த்தபோது, கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளும் தந்திரம்போல் ஒலித்தது. சொல்லாமல் விட்டேன்.

ஏலம் விட்டவர் தேவராஜ் அண்ணாச்சி. தச்சநல்லூர்க்காரர், இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒலிபெருக்கி தேவையில்லாத குரல், இருந்தாலும் பிடித்துக்கொள்வார்.

"பூசணிக்கா, பூசணிக்கா! தூக்கிப் பாத்தா இடுப்பு புடிச்சுக்கும்! கேளுங்க வே, வாயி பிரியாணிக்கு மட்டுந்தானா? ஏ டாக்டரம்மா, போன வருசம் கொழக்கட்டய அந்த வெலைக்கு எடுத்திய, இந்த வருசம் கை வலிக்கா?"

டாக்டரம்மா எடுத்து மறு ஏலத்துக்கு வைத்தார். இன்னொருவர் எடுத்து மறுபடி வைத்தார். வால்டர் பிரியாணித் தட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலிருந்த மெர்சியிடம் குனிந்து ஏதோ கேட்டபடி இருந்தார்.

மேசையின் முறை வந்தது. ஸ்டீபன் எழுந்து, நாங்கள் பேசி வைத்திருந்த தொகையைச் சொன்னார். மண்டபம் அமைதியானது. ஊர் வழக்கம் மாறாத அமைதி. எனக்கு அப்பாவின் ஸ்கூட்டர் நினைவு வந்து கண் நிறைந்தது.

"ஸ்டீபன் தம்பி கேட்டிருக்கு. ஒரு தரம். ரெண்டு தரம்..."

வால்டர் கை தூக்கினார்.

எல்லோரும் சிரித்தார்கள். "வெள்ளக்காரரும் நம்மாளு மாதிரி கலந்துக்கிடுதாரு வே!" என்றார் யாரோ. வால்டர் சொன்ன தொகை ஸ்டீபனுடையதைப் போல் பல மடங்கு. சிரிப்பு அடங்கியது. ஸ்டீபன் ஏற்றினார். வால்டர் ஏற்றினார். மறுபடி ஸ்டீபன். எங்கள் கையிருப்பைத் தாண்டிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தான், போதும்."

"பிள்ளட்ட என்ன சொல்லுவ?"

"காணிக்கைன்னு வச்சாச்சு. வச்சபெறகு நம்மளுது இல்லல்லா?"

சொன்னேனே தவிர, அதை நம்பித்தான் சொன்னேனா என்று இன்றும் யோசிக்கிறேன். மெர்சி என்னைப் பார்க்கவில்லை. வால்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால்டர் இன்னொரு முறை ஏற்றினார். ஸ்டீபன் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூணு தரம் என்பதை வாய்க்குள்ளேயே சொன்னார்.

வால்டர் எழுந்து போய், நிதானமாகக் காசோலை எழுதிக் கொடுத்தார். மேசையின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அண்ணாச்சியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மறுபடி."

அண்ணாச்சிக்கு ஒலிபெருக்கி கையில் இருப்பதே மறந்துவிட்டது. "ஏ ஸ்டீபன், இவரு மறு ஏலம்னுல்லா சொல்லுதாரு!"

ஸ்டீபன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் வாழ்நாளில் ஏலத்தில் கை தூக்கியதில்லை. தூக்கினேன். முதலில் பேசி வைத்திருந்த தொகையைச் சொன்னேன். வால்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். அண்ணாச்சி மூச்சுவிடாமல், "ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்!" என்று முடித்துவிட்டார். அவ்வளவு வேகமான ஏலத்தைப் பாளையங்கோட்டையிலும் நான் பார்த்ததில்லை.

6

மேசையை வண்டியில் ஏற்றும்போது நான் அவருக்கு நன்றி சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் என்ன ஆங்கிலம் வந்ததோ தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே, "பூசணிக்காயும் அப்படித்தானே திரும்பி வந்தது?" என்றார்.

இந்த வாக்கியத்தைத்தான் ஒரு வருடமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அது வேடிக்கையா, காரணமா? எடுப்பவர் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நம்பினாரா? அல்லது எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாரா? மெர்சியிடம் கேட்டேன். "ஏன் திருப்பிக் குடுக்கறாங்கன்னு கேட்டாங்க. தேங்க்ஸ் சொல்றதுக்குன்னு சொன்னேன்," என்றாள், பாதித் தமிழில். எல்லோரும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றாயா என்று கேட்டேன். நினைவில்லை என்றாள்.

சபைப் பொருளாளருக்கு வேறு பிரச்சினை. வரிவிலக்கு ரசீது கொடுக்க வேண்டுமானால், கொடுத்தவர் பணத்துக்குப் பதிலாக என்ன பெற்றார் என்று காட்ட வேண்டும். வால்டர் மேசையைப் பெற்றாரா, இல்லையா? ஒரே மேசை ஒரே நாளில் இரண்டு முறை எப்படி விலை போகும்? கணக்காளரின் மின்னஞ்சல்கள் மாதக்கணக்கில் வந்தன. "பூசணிக்காயை நெனைச்சா அதவிட மோசம், அதையும் சொல்லிராதிய," என்றார் அண்ணாச்சி. அந்தப் பணத்தில் சபைக்கு மண்டப வாடகைக் கவலை வெகுகாலத்துக்குத் தீர்ந்தது.

வால்டர் இப்போது சனிக்கிழமைகளில் வருகிறார். பிள்ளைகளோடு வரிசையில் நின்று விளையாடுகிறார். குண்டு விழுந்தால் "அய்யோ, போச்சே!" என்கிறார். எங்களுக்கு இந்த ஊரில் உறவு என்று யாரும் இல்லை என்று நான் எழுதிய காலம் உண்டு. இனி அப்படி எழுத முடியாது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

போன வாரம் அவர் போன் செய்தார். இந்த வருடப் பண்டிகைக்குத் தானும் ஒன்று வைக்கப்போகிறாராம். நிலவறை மூலையில் நிற்கிறதே, பிரிக்காத பெட்டி, அதை. "எனக்கும் நன்றி சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கிறது," என்றார். என்ன காரணம் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

என் கவலை இதுதான். போன வருடக் கதை சேகரிப்பவர்கள் குழுவில் பரவிவிட்டது. வெளியாட்கள் ஏலத்துக்கு வரலாமா என்று இரண்டு பேர் அண்ணாச்சியின் கடைக்கே வந்து கேட்டிருக்கிறார்கள். கோயில் ஏலத்துக்கு வராதே என்று யாரைச் சொல்ல முடியும்? அவர்கள் எடுத்தால் மறு ஏலம் விட மாட்டார்கள். பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த விலைக்கு எதிராகக் கை தூக்க எங்கள் சபையில் ஆள் இல்லை.

திரும்பி வருவது கட்டாயமில்லை என்று வால்டரிடம் இப்போது சொன்னால், போன வருடம் அவர் செய்தது வெறும் தெரியாத்தனம் என்று நானே அவருக்குச் சொல்வதாகிவிடும். தெரிந்தே செய்தவராக இருந்தால், இத்தனை நாளும் நாங்கள் அவரைச் சந்தேகித்திருக்கிறோம் என்று நினைப்பார். சொல்லாமல் விட்டால், திரும்பிவிடும் என்று நம்பிப் பெட்டியைக் கொண்டுவந்து, அது இன்னொருவர் வண்டியில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "அவரு தெரிஞ்சுதான் செய்யுதாரு, விடு," என்கிறார் ஸ்டீபன். "கேட்டுரு, மனசுல வச்சுக்கிட்டு அலையாத," என்கிறார் அப்பா.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? காணிக்கை வைக்க வருகிறவரிடம், அது திரும்பாமலும் போகலாம் என்று முன்கூட்டிச் சொல்லலாமா? சொல்வதென்றால், அவர் மனம் சுருங்காமல் எந்த வார்த்தையில் சொல்வது? பண்டிகைக்கு இன்னும் இரண்டு ஞாயிறுகள்தான் இருக்கின்றன. பெட்டி நுழையுமா என்று பார்க்க மண்டபக் கதவின் அகலம் கேட்டு எழுதியிருந்தார். அளந்து அனுப்பிவிட்டேன். அதற்குக் கீழே இன்னும் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.